வாசல்வரை மட்டும் வந்த வேகம்

அனுப்புநர்:
நகரப் பேருந்து ஓட்டுநர்,
கீழ்த்தளம், பின்பக்க வீடு.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையச் சேவை அலுவலகம்.

பொருள்: கூடுதல் வேக இணைப்புக்கு மாறும் வாடிக்கையாளரிடம், வீட்டிலுள்ள ரவுட்டரும் வயரும் அந்த வேகத்துக்கு ஏற்றவையா என்று முன்கூட்டியே கேட்டறிய உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். என் வீட்டு இணையம் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே இதைக் கோபத்தில் எழுதிய மனுவாகக் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. என் மனைவிக்கும் அவருடைய அக்காவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அக்கா வெளியூரில் இருக்கிறார். இருவரும் வீடியோ அழைப்பில் சைகையால் பேசிக்கொள்வார்கள். எழுத்தில் செய்தி அனுப்புவது அவர்களுக்கு அலுவலக வேலைக்கு மட்டும்தான். மனம் விட்டுப் பேச கை வேண்டும். எங்கள் பழைய இணைப்பில் படம் அடிக்கடி நின்றுவிடும். அக்காவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும், தங்கள் அலுவலகத்துக்கு வந்து கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறினேன்.

2. வேறு ஏதும் வாங்க வேண்டுமா என்று முகப்பில் இருந்த ஊழியரிடம் கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம் சார், இருக்கறதே போதும். வேகம் தானா வந்துடும்" என்றார். நானும் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

3. அடுத்த அழைப்பிலேயே வினை வந்தது. சிகிச்சையின்போது துணைக்கு வருகிறேன் என்று என் மனைவி சொன்னார். அக்கா பதில் சொல்லத் தொடங்கி, புருவத்தைச் சுருக்கி, உள்ளங்கையை எங்களை நோக்கித் தள்ளினார். அதற்கு "வராதே" என்று பொருள். அந்த இடத்தில் படம் நின்றது. பிறகு அழைப்பும் அறுந்தது. மறுபடி கூப்பிடச் சொன்னேன். என் மனைவி கையை அசைத்து மறுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். உடன்பிறந்தவளே தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவருக்கு எண்ணம். அந்தப் பக்கமும் அழைப்பு வரவில்லை. வீட்டில் எல்லா வேலையும் வழக்கம்போல நடந்தது. ஆனால் என் மனைவியின் கைகள் பேசவே இல்லை. அந்த அமைதி எப்படிப்பட்டது என்று காது கேட்பவர்களுக்கு விளக்குவது கடினம்.

4. தங்கள் புகார் எண்ணுக்கு இடையிடையே அழைத்தேன். ஒவ்வொரு முறையும், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், உங்க வாசல் வரைக்கும் முழு வேகம் வருது" என்றே பதில் வந்தது. அது பொய்யல்ல என்று பிறகு தெரிந்தது. ஆனால் நாங்கள் வாசலில் குடியிருக்கவில்லை.

5. மாடியில் கட்டட வரைபடம் போடும் அம்மா ஒருவர் குடியிருக்கிறார். அவரும் இதே திட்டத்துக்கு மாறி, இதே பாடு பட்டவர். எங்கள் கூடத்துக்கு வந்து பார்த்தவர், "அண்ணா, பிளானை மாத்தினா மட்டும் போதாது. இந்த ரவுட்டர் பெட்டி பழைய வேகத்துக்கு வாங்கினது. வயரும் பழசு. அதோட இதை பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வேற வெச்சிருக்கீங்க" என்றார். தம்முடைய புது ரவுட்டரையும் வயரையும் கழற்றி வந்து, சோதித்துப் பார்க்க மாட்டிக் கொடுத்தார்.

6. சோதனை என்ற சாக்கில் நானே அக்காவை அழைத்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவ ஏன் பதிலே சொல்லாம போயிட்டா?" என்பதுதான். என் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன். அன்று பாதியில் நின்ற வாக்கியத்தை அக்கா முழுவதுமாகச் சொன்னார். அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "ஆஸ்பத்திரிக்கு வராதே. அங்க நீ அழுவே, உன்னைப் பார்த்து நானும் அழுவேன். நான் வீட்டுக்கு வந்ததும் வா. வந்தா சீக்கிரம் திரும்பக் கூடாது." படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் திருமணத்துக்குப் பின் சைகை கற்றவன். அந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

7. மறுநாளே புது ரவுட்டரும் வயரும் வாங்கி, பீரோவுக்கு மேலே வைத்தேன். அதற்கான செலவை நான் கேட்கவில்லை. ஆனால் என் புகார், "வாடிக்கையாளர் திருப்தி அடைந்தார்" என்ற குறிப்புடன் முடித்து வைக்கப்பட்டதாகச் செய்தி வந்துள்ளது. நான் திருப்தி அடைந்தது உண்மை. அதற்குக் காரணம் மாடி வீட்டு அம்மா. பதிவில் அதைத் திருத்தித் தந்தால் நியாயமாக இருக்கும்.

ஆகவே, வேகத்தைக் கூட்டக் கேட்டு வருவோரிடம் ரவுட்டர் எந்தக் காலத்தது, வயர் எப்படிப்பட்டது, பெட்டி எங்கே இருக்கிறது என்று முகப்பிலேயே விசாரிக்கவும், புகார் வந்தால் வாசலோடு நிறுத்திக்கொள்ளாமல் உள்ளே வந்து பார்க்கவும் தங்கள் ஊழியர்களுக்கு ஆணையிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். பாதி வாக்கியத்தோடு வருந்திக் கிடக்கும் வீடு இன்னொன்று இருக்க வேண்டாம்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. என் மனைவி இப்போது அக்கா வீட்டில் இருக்கிறார். சாப்பிட்டேனா என்று கேட்க அங்கிருந்து தினமும் அழைக்கிறார். படம் மிகத் தெளிவாக இருப்பதால், எனக்குப் பின்னால் கழுவாமல் கிடக்கும் பாத்திரங்களும் அவர் கண்ணில் படுகின்றன. இது குறித்து தங்கள் அலுவலகத்தின் மீது எனக்குப் புகார் ஏதுமில்லை.

இடம்: வீட்டுக் கூடம்
நாள்: ஞாயிறு, வார விடுப்பு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள சந்தாதாரர்,
(கையொப்பம்)
நகரப் பேருந்து ஓட்டுநர்