பாப்பாவின் இரண்டாம் தாள்

அன்புள்ள மகனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதைப் படிக்கும்போது உனக்கு அந்தச் சந்தேகம் வரும். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதை ஒரு வாரம் கேட்டார், எட்டாம் நாள் மறுபடியும் அடியில்தான் கிடந்தார். நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. நல்ல கனம். இன்னும் பிரிக்கவில்லை, பிரிக்க மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அமைச்சர் பேசுகிறார், அது முழுக்க நான் எழுதிக் கொடுத்தது, தவறாமல் கேளும்மா என்று போனில் சொன்னாய் அல்லவா, நான் சும்மா இருப்பேனா, காலையிலிருந்தே டிப்போ முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன். டிக்கெட் கவுண்டர் பெண்கள், டிரைவர், கண்டக்டர், டயர் மாற்றுகிறவர்கள் என்று எல்லோரையும் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய் டிவிக்கு நேராக உட்காரவைத்தேன். அமைச்சர் வாயைத் திறந்ததும் முதலில் கை தட்டியது நான்தான். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து நாட்டில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்து மூன்று மாதம் ஆகிறது, இனியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது, நம் பட்டாளம் பாலத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்போதுகூட, மேலே இருப்பவர்கள் சொன்னதை இவன் எழுதுகிறான், வேலை அப்படி என்று மனசுக்குள் உனக்கு வக்காலத்து வாங்கினேன். அப்புறம் அவர் குரலைத் தணித்துக்கொண்டு, அங்கே ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண், ஒரு கண் மங்கியவள், நமக்கு எழுதுகிறாள் என்று ஆரம்பித்தார். “மாவு பிசையற கையைத் துப்பாக்கிக் கட்டையால அடிச்சானுங்க. இவனுங்களை அடிச்சு விரட்ட யாரும் வரமாட்டீங்களா? உங்க பட்டாளத்துக்கு என்ன, வெயில் ஒத்துக்காதா?” கேன்டீனே சிரித்தது, சிரித்துவிட்டுக் கை தட்டியது. தட்டுவதற்கு நடுவில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பெண் யார் என்று உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டுமா? உன் சித்தி. என் கூடப் பிறந்தவள், ஐம்பது வயசிலும் எங்களுக்குப் பாப்பா. கல்யாணமாகி அந்தப் பக்கம் போனவள். எனக்கு டிப்போவில் வேலை கிடைத்த புதிதில் உன்னை வைத்துப் பார்க்க ஆள் இல்லை என்றதும், என்கிட்ட விட்டுட்டுப் போ என்று வாங்கிக்கொண்டு, மாவு மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு வருஷம் உன்னை வளர்த்தவள். அவள் கடிதம் எழுதும் விதம் நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? முதல் தாளில் கொட்டித் தீர்ப்பாள். திட்டு, ஒப்பாரி, சாபம், ஒன்றுக்குப் பத்தாக எல்லாம் வரும். அப்புறம் எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து இரண்டாம் தாளில் நிதானமாக விஷயத்தை எழுதுவாள். கல்யாணமான புதிதில், இந்த மனுஷனோடு இனி ஒரு நாள் இருக்க மாட்டேன், வந்து கூட்டிக்கொண்டு போ என்று முதல் தாளில் எழுதினாள். நான் இரண்டாம் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறி அவள் வாசலில் போய் நின்றேன், அவளும் அவள் புருஷனும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தாளில் குக்கருக்கு வாஷர் வாங்கி அனுப்பு என்றுதான் இருந்தது. இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் நீ. பாப்பாவின் முதல் தாளை நம்பி யாரும் எதையும் செய்யக் கூடாது என்பது உனக்கு நடை பழகும்போதே தெரியும்.

அமைச்சர் வாசித்த அந்தக் கடிதத்தையும் வழக்கம்போல நான் படித்துவிட்டு உனக்கு அனுப்பினேன். இரண்டு தாளையும் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது, இரண்டாம் தாள் எனக்கு மனப்பாடம், உனக்கும் இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். “அக்கா, டீ குடிச்சுட்டு வந்தேன். மேல எழுதினதை விட்டுடு. உங்க பட்டாளம் மட்டும் இந்தப் பக்கம் வந்துடக் கூடாது. இங்க வாத்தியாருங்க பள்ளிக்கூடம் போகல, ரயில்காரங்க ரயிலை எடுக்கல, பசங்க தெருவுல உட்கார்ந்துட்டாங்க, நான் அவங்களுக்கு ரொட்டி சுட்டுப் போடறேன். என்ன செய்யறதுன்னு தெரியாம தளபதிங்க முழிக்கறாங்க. நீங்க வந்தீங்கன்னா, பார்த்தீங்களா, நாட்டைக் காப்பாத்தத்தான் நாங்க வந்தோம்னு அவங்க நிமிர்ந்து உட்கார்ந்துடுவாங்க. அப்புறம் நாங்க யாரை எதிர்க்கறது, அவங்களையா, உங்களையா? குண்டு விழும்போது இது தளபதி வீடு, இது ரொட்டிக்கடைன்னு பார்த்தா விழும்? நேரம் ஆகும், ஆனா நாங்களே முடிச்சுக்கறோம். ஓடி வர்றவங்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைங்க. கண்ணுக்கு விடற மருந்து தீர்ந்துபோச்சு, பையன்கிட்ட சொல்லி அனுப்பச் சொல்லு.”

இரண்டாம் தாளை நீ பார்க்கவே இல்லை, தபாலில் எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? செவ்வாய் சாயங்காலம் முழுக்க அதையே அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, “கண்ணு மருந்தை மட்டும் மறக்காம அனுப்பிட்டானே” என்றார். போன வாரமே மருந்து வந்து என் அலமாரியில் இருக்கிறது, பெட்டிமேல் உன் கையெழுத்தில் ‘சித்திக்கு’ என்று எழுதியிருக்கிறது. படித்திருக்கிறாய். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, மருந்தை வாங்கி அனுப்பிவிட்டு, முதல் தாளைத் தூக்கி அமைச்சர் கையில் கொடுத்திருக்கிறாய். ஊரான் செய்திருந்தால் போகிறான் என்று விட்டிருப்பேன்.

புதன்கிழமை டிப்போவுக்கு உத்தரவு வந்தது, பாலம் வரைக்கும் பட்டாளத்தை ஏற்றிப்போக இருபது வண்டி தயாராக வேண்டும் என்று. நான் டைம் கீப்பர், கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்தான். பேனாவை மூடி வைத்துவிட்டேன். மேனேஜர் கோபப்படவில்லை, பாவம், உங்க பையன் எழுதின பேச்சுக்குத்தானே வண்டி போகுது, நீங்களே மறிச்சா எப்படிம்மா என்று கேட்டார். அன்றைக்கே கேன்டீனில் பெஞ்சுமேல் ஏறி நின்று, செவ்வாய்க்கிழமை பேச்சில் வந்த ரொட்டிக்காரி என் தங்கச்சி என்பதையும் அவள் இரண்டாம் தாளில் எழுதியதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. ஆனால் பதினெட்டு டிரைவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்கள். அப்பா இருபது வண்டிக்கும் பிரேக் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இருபதுக்கும் பிரேக் கல் மாதிரி இருக்கிறது. முப்பது வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. இதையும் உன் அமைச்சரிடம் சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்.

நேற்று மீசை டிரைவர் வந்தார், இத்தனை வருஷமாக நம் கடிதங்களைச் சுமக்கிறாரே, அவர்தான். பஸ் இப்போது பாலத்தோடு நின்றுவிடுகிறது, ஜனங்கள் நடந்து கடக்கிறார்கள். பாப்பா அவரைப் பார்ப்பதற்காகவே பாலத்து முனைக்கு வந்திருந்தாளாம். பேச்சு அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு கண் மங்கிய ரொட்டிக்காரி அந்த ஊரில் எத்தனை பேர்? மறுநாளே தளபதிகளின் பட்டாளத்துக்காரர்கள் வந்து அடுப்பை இடித்துவிட்டுப் போனார்களாம், இனி வந்தால் ஆளையும் கொண்டுபோவோம் என்றார்களாம். அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்டு போன ரொட்டியை, தெருவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், மூன்று மாதமாக அவள் கையால் சாப்பிட்டவர்கள், வெளிநாட்டுப் பட்டாளத்தைக் கூப்பிட்டவள் ரொட்டி எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாளாம். அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அக்காகிட்ட சொல்லுங்க, பையனைத் திட்ட வேண்டாம். ரெண்டாவது தாள் எங்கயோ தொலைஞ்சிருக்கும். பார்த்திருந்தா அவன் இப்படிச் செய்யறவன் இல்ல” என்றாளாம்.

இதோடு என் முதல் தாள் முடிகிறது. நான் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன், ஆனால் புதுத் தாள் எடுக்கவில்லை, இதே தாளைத் திருப்பித்தான் எழுதுகிறேன். உனக்கு வேண்டியதை மட்டும் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைக் கிழித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். பட்டாளம் பாலத்தைத் தாண்டுவதா வேண்டாமா என்று வருகிற வியாழக்கிழமை சபையில் ஓட்டெடுப்பு என்கிறார்கள். அதற்கு முன்னால் பாப்பாவின் இரண்டாம் தாள் அமைச்சர் மேசைக்குப் போக வேண்டும், அவர் கண்டுகொள்ளவில்லை என்றால் பத்திரிகைக்குப் போக வேண்டும், முதல் தாளை மட்டும் எடுத்து எழுதியது நான்தான் என்று உன் பெயரோடு போக வேண்டும். அவள் கூப்பிடவில்லை என்று அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிய வேறு வழி இல்லை. வேலை போய்விடும், தெரியும். போனால் வீட்டுக்கு வா. உன் அறை அப்படியேதான் இருக்கிறது, அப்பா ஜன்னல் கொக்கியைக்கூடச் சரிசெய்து வைத்திருக்கிறார். திட்டத்தான் போகிறேன், ஆனால் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் திட்டுவேன்.

வயிற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா? காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. எந்த இடத்தில் இருந்தாலும் நல்லது உன் கூடவே இருக்கட்டும், உன் கையால் யாருக்கும் இனி கெடுதல் வராமல் இருக்கட்டும்.

மீசை டிரைவர் வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் பாலத்துக்குப் போகிறார். கண் மருந்தைக் கொடுத்தனுப்புவேன். அதோடு வைக்க வேண்டிய கடிதத்தை இன்னும் எழுதவில்லை. தாள் தொலையவில்லை என்று அவளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். நானா நீயா என்பதை வியாழக்கிழமைக்குள் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா