ஏஞ்சல் வேலையில் சேர்ந்த கதை

ராஜகீழ்ப்பாக்கம்
19-7-2008

அன்பு மகன் ஜெபகுமாருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அப்பாவும் நானும் உன் தங்கை ஏஞ்சலும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது, டாக்டரே ஆச்சரியப்பட்டார், காரணம் எனக்குத் தெரியும். ஏஞ்சலுக்கு கவர்மென்ட் வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பாதிதான். மீதி போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் தட்டச்சர் வேலை என்று ஆர்டரில் தெளிவாகப் போட்டிருந்தது. நடுவில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டதால் நாங்கள் சேரப் போனதே கெடு முடிகிற நாள். அங்கே இருந்த அதிகாரி சர்டிபிகேட்டை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னிடம், காது கேக்காத பொண்ண வெச்சு நான் என்னம்மா பண்றது, போன் அடிச்சா யார் எடுப்பா, மேலாபீஸுக்கு எழுதிக் கேக்கறேன், பதில் வந்ததும் வாங்க என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மூன்று வயதுக் காய்ச்சலில் அவளுக்குக் காது போனதிலிருந்து பள்ளிக்கூடம், பேங்க், கடை என்று யார் முகம் சுளித்தாலும் அப்படித்தானே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவை அவள் என் கையை உதறிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆபீஸில் பியூனாக இருக்கிற கன்னியம்மா என்கிற அம்மா தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் என் காதோடு, யம்மா, இன்னிக்கு வூட்டுக்குப் போய்ட்டீங்கன்னா ஆர்டர் காலி, பொண்ணு குந்தினு கீதே, அப்டியே குந்திகினு இருக்கட்டும், நீ இஸ்துகினு போவாத என்றார். அந்த அதிகாரி சொன்னதையும் கன்னியம்மா சொன்னதையும் நான் எழுதிக் காட்டினேன். ஏஞ்சல் பேனாவை வாங்கி ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நேராக அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். ஐயா, ஆர்டரில் தட்டச்சர் என்று இருக்கிறது, போன் எடுப்பவர் என்று இல்லை, என்னைச் சேர்க்க முடியாது என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், போய்விடுகிறேன் என்று எழுதியிருந்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார், முதல் தடவையாக அவளையும் பார்த்தார். உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரம் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் அசையவில்லை. வெளியே வந்து வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

இப்போது மூன்று வாரமாகப் போய்வருகிறாள். போன் அடித்தால் பக்கத்து சீட் கிட்டு சார் எடுக்கிறாராம், உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை. கேம்ப் ரோடு தாண்டும்போது ஹாரன் கேட்காதே என்று முதல் மூன்று நாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன், நான்காம் நாள் திரும்பி நின்று, வீட்டுக்குப் போ என்று சிரித்துக்கொண்டே சைகை காட்டினாள். எங்களுக்குப் பிறகு இவள் என்ன ஆவாள் என்று எத்தனை கடிதத்தில் எழுதி உன்னைப் பாரப்படுத்தியிருக்கிறேன், அதற்காக நீ கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டாய். அதையெல்லாம் மறந்துவிடு ராஜா, பெண் பார்க்கட்டுமா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

வேளைக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை ஆராதனையை விடாதே, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ஒன்று மட்டும் மறக்காதே, தங்கைக்கு மெசேஜில் இரண்டு வார்த்தை அனுப்பி முடித்துவிடாமல் தனியாக ஒரு கடிதம் எழுது, ஆபீஸ் முகவரிக்கே போடு. உறையில் அவள் பெயருக்குக் கீழே தட்டச்சர் என்று பெரிதாக எழுது.

உன் அம்மா
பேபி யேசுதாசன்