ஐயாவுக்கு மறுத்த மண்வெட்டி

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருசம்; ஆட்டைத் திவசம் முடிந்து, வந்த சனமும் போய்விட்டது. இனி ஆறுதலாக உங்களோடு சண்டை பிடிக்கலாம் என்று இருக்கிறேன். கோபிக்காதீர்கள், வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

எங்களைப் பெற்ற ஐயா மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து, பென்சனோடு கப்பலால் வந்திறங்கிய காலம் நினைவிருக்கிறதா? எந்த வண்டி எங்கே நிற்கும், எது பிந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிதர். வந்த கையோடு சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியும் கையுமாக வெங்காயத் தோட்டத்தில் இறங்கினார். நீங்கள் ஓடிப்போய்ப் பறித்தீர்கள்.

"பென்சன்காரர் மண் கொத்தினால் சனம் என்ன கதைக்கும்? பிள்ளையள் பார்க்கேல்லை எண்டெல்லோ சொல்லும்."

"இஞ்சாரும், சும்மா இருக்க எனக்கு ஏலாதப்பா" என்று ஐயா சிரித்தார். ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

அதன்பிறகு எல்லாம் நாங்கள்தான். கிணற்றுத் துலாவில் தண்ணீர் அள்ளி வார்த்தோம். சுன்னாகம் சந்தைக்கு அண்ணை போனார். வெற்றிலைகூட மடித்துக் கொடுத்தோம். ஊரில் பென்சன்காரர் வீடுகளில் அதுதானே மரியாதை? ஐயா சாய்மனைக் கதிரையிலேயே இருந்தார். முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் அவர் வாயில் மாறின. பிறகு, சாப்பிட்டாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாமல் போனது. கடைசியில் நீங்களும் என் கையைப் பிடித்து, "ஐயாவை ஒரு வேலையும் செய்ய விடாதை, பிள்ளை" என்றீர்கள். ஓம் என்றேன். சாகக் கிடக்கிற தாய்க்கு வேறென்ன சொல்வது?

திவசத்துக்கு வந்த, நாடி பார்க்கும் பரியாரியாரிடம், ஐயாவுக்கு ஏன் இந்த மறதி என்று கேட்டேன். "ஓடித்திரிஞ்ச மனிசனை ஒரேயடியாய் இருத்திப்போட்டியள். அதாலையும் இருக்கும், வயசாலையும் இருக்கும். ஆர் கண்டது" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை, அம்மா. உங்களைக் கோபிப்பதா, என்னையா, வயதையா?

நேற்றுக் காலை உங்கள் சொல்லை மீறினேன். ஐயாவைக் கூட்டிப்போய்ப் பாத்தியருகே நிறுத்தி, மண்வெட்டியைக் கையில் கொடுத்தேன். வேலியோரம் நின்ற அண்ணை, "உனக்கென்ன விசரே?" என்று பல்லைக் கடித்தார். ஐயா பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்ல என்னிடம் கேட்டார்.

"இது ஆருடைய மண்வெட்டி, பிள்ளை? நான் இதை ஆரிட்டைக் குடுக்கவேணும்?"

"உங்கடைதான், ஐயா."

"ஓம், ஓம்" என்றார். ஆனால் கொத்தவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே நின்றார். கடைசியில் நானே வாங்கினேன். நீங்கள் பறித்த அன்று ஒரு பேச்சாவது பேசினார். நேற்று, கை வெறுமையானதைக்கூட அவர் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். இனி ஐயாவை எந்த வேலைக்கும் மறிக்க மாட்டேன். இது சத்தியம், அம்மா. அவராக ஒருதரம் மண்வெட்டிக்குக் கை நீட்டினால் போதும்.

உங்கள் சொல் கேளாத
மூத்த மகள்