கால் நட்ட பிறகு

என் பேச்சியக்காவுக்கு,

உன்னைக் கொன்றது அம்மன். நான் சொல்லவில்லை, மேலகரத்தில் நம் தெருவே சொல்கிறது. "மாரி கூட்டிட்டுப் போயிட்டா" என்று கைகூப்பிச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது பக்தி. எனக்கு அது கொலைப் பிராது.

உனக்குத் தெரியாத சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம்மோடு சேர்ந்துவிட்டது. அங்கே ஒரு மரக்கடையில் எனக்கு வேலை. அத்தான் புனலூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். தென்காசிக் கோபுரம் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது. தன் வீட்டையே சரிசெய்துகொள்ளாதவரிடம் போய் ஜனங்கள் மழை கேட்கிறார்கள். உன் மகள் செல்வி அம்மாவிடம் வளர்கிறாள். சிரித்தால் நீதான்.

நீ செத்துப்போன அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நட்டிருந்தார்கள். பந்தக்கால் ஊன்றிவிட்டால் கொடை முடிகிறவரை ஊர் எல்லையை யாரும் தாண்டக் கூடாது என்பது கட்டு. அந்த நேரம் பார்த்து, அம்மை வராமலிருக்கத் தடுப்பு குத்துகிறவர் பெட்டியோடு வந்தார். கோயில் தர்மகர்த்தா, அந்த அரிசி மில் முதலாளி, தெருமுனையிலேயே மறித்தார்.

"கால் நட்டாச்சு வே. கத்தி, ஊசின்னு எதையும் கொண்டுக்கிட்டு உள்ள வரப்பிடாது."

"அம்மை கொடை முடியட்டும்னு காத்துக்கிட்டா இருக்கும், அண்ணாச்சி?"

"வந்தா வரட்டும். அவ ஊருக்கு அவ வருதா. ஒமக்கு என்ன நோவு?"

தெருவே சிரித்தது. அவர் திரும்பிப் போய்விட்டார். நீ மட்டும், "தென்காசிக்குப் போய்க் குத்திட்டு வந்துருதேம்மா" என்று செல்வியை இடுப்பில் தூக்கிவிட்டாய். அம்மா உன் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லை தாண்டாத ஏட்டி, குலத்துக்கு ஆகாது." நீ பிள்ளையை இறக்கி விட்டாய்.

கொடையன்று தர்மகர்த்தாவின் பேரன்மார் வெற்றுடம்போடு நின்றார்கள். ஒவ்வொருவன் புஜத்திலும் அம்மை குத்திய, ஆறியும் ஆறாத வட்டப் புண். கார் வைத்திருப்பவர்களுக்கு எல்லை கிடையாது போலிருக்கிறது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது, உடம்பெல்லாம் முத்து, கண்ணுக்குள்ளும். வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிக்கவில்லை, வைத்தியரைக் கூப்பிடவில்லை. என்னை அருகில் அழைத்து நீ சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏலே, மாரி வெளையாடுதான்னு சொல்லுதாவ. எனக்குல்லா வலிக்குது."

இதற்கு எந்தச் சாமியார் பதில் சொல்வார்? பிள்ளை பெற்றவளின் கண்ணை அவித்துவிட்டு விளையாடுகிறவளுக்குத் தாய் என்று பேர் வைத்தது யார்?

நீ போன பிறகு உன்னை எரிக்கவில்லை. எரித்தால் அவள் மேல் தீ வைத்ததாகுமாம். புதைத்தோம். அழவும் கூடாது, அழுதால் அவள் கோபிப்பாள். அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிற கார்கள், நாம் ஒதுங்கட்டும் என்று ஹாரன் அடித்தன.

இந்த வருஷம் கடையம் பக்கம் மறுபடி அம்மை. போன மாதம் குத்துகிறவர் வந்தார். அம்மா செல்வியை நெல் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"அது வெறும் நோவும்மா. வழி விடு" என்றேன்.

"நோவுன்னு நீ சொல்லாதலே. அவ கூட்டிட்டுப் போனான்னாத்தான் எம்மவ எங்கனயோ இருக்கா. நோவுன்னா சும்மால்லா செத்துப்போயிட்டா?"

ஆனாலும் அவளை விலக்கிக் கதவைத் திறந்தேன். செல்வி கத்தக் கத்தக் கையை நீட்டிப் பிடித்தேன். குத்தியாயிற்று.

கை வீங்கிற்று, புண் பொருக்காகி உதிர்ந்தது. அன்று அம்மா பிள்ளையின் கையை மடியில் வைத்து அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவுதானாலே?" என்றாள். "இதுக்குத்தான் எம்மவ அன்னைக்குப் பொறப்பட்டாளா?"

அப்புறம் அழுதாள். இத்தனை வருஷமாக முந்தானைக்குள் கிடந்த ஒப்பாரியெல்லாம் வெளியே வந்தது. தெரு திரண்டது. "உன் மேல குத்தமில்ல. அந்த மில்லுக்காரர்தாம்மா…" என்றேன். "அவரா கையப் பிடிச்சு இழுத்தாரு?" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் சாமி விளக்கு ஏற்றுவதில்லை. மாரி படத்தைத் திருப்பி வைத்துவிட்டாள். நான் கேட்டதும் இதைத்தானே? கொலைகாரி என்று நான் ஒருத்தியை வீட்டை விட்டு விரட்டினேன். காலியான அந்த இடத்தில் அம்மா போய் உட்கார்ந்துகொண்டாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் வலது கையைப் பார்த்தபடி இருக்கிறாள்.

அடுத்த கொடைக்குக் கால் நடட்டும். அன்றைக்கே நம் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு, தர்மகர்த்தாவின் கண் முன்னால் எல்லையைத் தாண்டித் தென்காசிக்குப் போவேன். இது சத்தியம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். செத்தவர்கள் கனவில் வருவார்கள் என்று நான் நம்புகிறவனில்லை. அம்மா நம்புகிறாள். உனக்காக ஓரத்தில் இடம் விட்டுப் பாய் விரிக்கிறாள். விடிந்ததும், "வந்தாளாம்மா?" என்று கேட்கிறேன். தலையை ஆட்டுகிறாள், இல்லை என்று.

ஒரே ஒரு தடவை வா. "நீ கொல்லலம்மா" என்று சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். நீ சொல். சொல்லு அக்கா.

உன் கூடப் பிறந்தவன்,
தம்பி சுடலை