மடங்காத மடக்கு சைக்கிள்

அம்மா,

இரும்பு கருகிய வாடை இன்னும் என் துப்பட்டாவில் இருக்கிறது. இன்று கம்பத்தில், பாயின் வெல்டிங் பட்டறையில், நம் சைக்கிளின் நடுக்கீலில் இருந்த பழைய வெல்டிங்கை அறுக்கச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நீ போய் எட்டு மாதமாகிறது. வீட்டைப் பூட்டிப் போட மனமில்லாமல், தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டி அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். மறுபடியும் தினமும் இரண்டு பஸ். அதற்குத்தான் இந்தச் சைக்கிள் பழையபடி மடங்க வேண்டியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலும் இதே பாடுதான். விடியுமுன் காமயகவுண்டன்பட்டியில் ஏறி, கம்பத்தில் மாறி, தேனியில் இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். ஷேர் ஆட்டோவில் ஆண்களுக்கு நடுவே இடுங்கி உட்காரக் கூசி, ஆபீஸுக்கு நடந்தே போவேன். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த சமயத்தில்தான் கம்பத்தில் ஒருவரிடம் அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். மலைமேல் ஏலத்தோட்ட பங்களாவிலிருந்து வந்த பழைய வெளிநாட்டு வண்டி. சின்னச் சக்கரம், மங்கிய பச்சை, நடுவில் கீல். மடக்கினால் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் போய்விடும். முதல் சம்பளத்தில் வாங்கினேன். விற்றவரிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட வாய் வரவில்லை.

"நல்லாப் பாத்து வாங்குனியாத்தா?" என்றாய்.

"எல்லாம் பாத்துட்டேன்" என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த எதையும் மஞ்சள் பூசாமல் நீ விட்டதில்லை. என் பட்டச் சான்றிதழின் உறைக்கே பொட்டு வைத்தவள். சைக்கிளுக்கும் மஞ்சள் குழைத்து முழுக்கப் பூசினாய். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "ஏண்டி, உம்மக குட்டியா வாங்கியாந்திருக்கா? இனிமேத்தான் வளருமோ?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்த நீ மட்டும் சிரிக்கவில்லை. கீலுக்குப் பக்கத்தில் துணி வெகுநேரம் நின்றது.

"நாளைக்கு அட்டமி, மறுநா நவமி. ரெண்டு நாளு எடுக்காத" என்றாய்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது கீலைச் சுற்றிக் கறுப்பாக வெல்டிங். மடக்கவே முடியவில்லை.

"ஒடியுற வண்டில எம்புள்ள போகணுமா? பத்தவச்சுட்டேன்."

"அது ஒடியலம்மா, மடங்குது. அதுக்குத்தானே வாங்குனேன். ஒனக்கு ஒண்ணுமே தெரியாது."

"எனக்கென்னத்தா தெரியும்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்த மாதமே பழனிசெட்டிபட்டியில் அறை எடுத்தேன். பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போன சைக்கிள் அங்கே சாதாரணச் சைக்கிளாக ஓடியது. ஞாயிறுதோறும் வருவேன் என்றது, பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறானது. கிளம்பிய அன்று உன் கணுக்காலுக்கு மேலே ஒரு காயத்தைப் பார்த்தேன். திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கல் இடித்துவிட்டது என்றாய். கோபத்தில் நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று பாதி அறுத்ததும் பாய் மெஷினை நிறுத்திவிட்டார்.

"இங்கன வந்து பாரும்மா."

வெல்டிங்கைத் தேய்த்த இடத்தில், கீலை ஒட்டி, குழாயைப் பாதி சுற்றி ஒரு விரிசல்.

"இதப் பத்தவச்சது நாந்தான். இப்பத்தான் ஞாபகம் வருது. ஒங்கம்மா ஊருலருந்து தள்ளிக்கிட்டே வந்தாக. எவ்வளவு தொடைச்சும் இங்கன மட்டும் மஞ்சக்கோடு போகலன்னு காமிச்சாக. வித்தவன்கிட்டயே திருப்பிக் குடுங்கம்மான்னேன். 'வேணாம் பாய். புள்ள மொதச் சம்பளத்துல தானாப் போயி வாங்குனது. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா இனிமே எதையும் தனியாப் போயி வாங்காது. நான் வெவரங்கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்'னாக."

பாய் கேட்டார்.

"வெடிச்சத வெட்டிட்டுப் புதுக் கீலு போடலாம். மடங்கும். போடவா?"

"வேணாம் பாய். இருந்த மாதிரியே பத்தவச்சிருங்க."

"அப்பப் பஸ்ஸுல எப்படிக் கொண்டு போவ?"

"தேனில சைக்கிள் ஸ்டாண்டுல போட்டுக்கிறேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் ஏறி உட்காரத் தோன்றவில்லை. ஊர்வரை தள்ளிக்கொண்டே வந்தேன். திராட்சைப் பெட்டி ஏற்றிய வேன்கள் கடக்கும்போதெல்லாம் ஓரமாக நின்றேன். நடுவழியில் ஒருவர், "என்ன தாயி, பஞ்சரா?" என்றார். ஆமாம் என்றேன். குட்டையான வண்டி அது. தள்ளிக்கொண்டு நடந்தால் பெடல் காலில் இடித்துக்கொண்டே வரும். இத்தனை வருடம் ஓட்டிய எனக்கு இது தெரியாது.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே, உனக்கு இருந்த அதே இடத்தில், தோல் உரிந்திருக்கிறது. மருந்து எதுவும் போடவில்லை.