ஒரு நூல் இடைவெளி

ஆலங்குடி பக்கம்
8.9.2024, ஞாயிறு இரவு

‘உளியும் கையும்’ நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் இளமதி. ப்ளஸ் ஒன் படிக்கிறேன். ஞாயிறு காலை பத்தரைக்கு உங்கள் நிகழ்ச்சியைத் தவறாமல் பார்க்கிறேன். ஆரோக்கியதாஸ் ஐயா செய்ததைப் பார்த்து ஒரு பேனா ஸ்டாண்டும் ஒரு பென்சில் பெட்டியும் செய்தேன். பெட்டி இப்போது இல்லை. அடுப்புக்குள் போய்விட்டது. அது வேறு கதை.

எனக்கு ஒரு சந்தேகம். கதவுக்கு உள்பக்கம் போடுகிற குறுக்குக் கட்டை செய்வது எப்படி? இரும்புத் தாழ்ப்பாள் வேண்டாம். பகலில் எடுத்துவிட வேண்டும், இரவில் மாட்ட வேண்டும். எங்கள் ஆட்டுக் கொட்டகைக்காகக் கேட்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் காட்டினால் நன்றாக இருக்கும்.

பதில் எழுதினால் என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். என் தோழி ரம்யாவின் வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அவள் அம்மா வாசலிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். தபால்காரர் அங்கே கண்டிப்பாக நிற்பார்.

இப்படிக்கு,
இளமதி

*

திருச்சி
19.9.2024

அன்புள்ள நேயர் இளமதிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் பேனாவால் எழுதித் தபாலில் போட்டிருக்கிறீர்கள். அதற்கே ஒரு நன்றி.

நேயர் கடிதங்களைப் பார்ப்பது நான்தான். மாதம் நூறு வேண்டுகோள் வந்தால் அதில் அறுபது செல்போன் ஸ்டாண்ட். மிச்சம் சாவி மாட்டும் பலகை, பூஜை அலமாரி. போன வாரம் ஒருவர் தன் மாமியாருக்கு முக்காலி கேட்டிருந்தார். மூன்று காலும் ஒரே உயரமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லையாம்.

ஆட்டுக் கொட்டகைக் கதவை யாரும் கேட்டதில்லை. தீபாவளி வரைக்கும் நிகழ்ச்சிகள் எடுத்து முடித்துவிட்டோம். பொங்கலுக்குப் பிறகு முயற்சி செய்கிறோம். உங்கள் ஆடுகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அமராவதி
நிகழ்ச்சி உதவியாளர்

*

29.9.2024, ஞாயிறு இரவு

அன்புள்ள அமராவதி மேடத்துக்கு,

பொங்கல் வரைக்கும் முடியாது மேடம்.

கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நிகழ்ச்சியைப் பற்றிச் சில குறைகள் சொல்கிறேன். உங்களுக்கு இதையெல்லாம் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் டிவியைச் சத்தம் இல்லாமல்தான் பார்ப்போம். அப்பா போர்வெல் லாரியில் போகிறார். சனிக்கிழமை ராத்திரி வருவார், ஞாயிறு மதியம் வரைக்கும் தூங்குவார். கரண்டி கீழே விழக்கூடாது. அதனால் ஐயா பேசுவது எதுவும் எனக்குக் கேட்காது. கையை மட்டும் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் பாதி நேரம் அவர் முகத்தைக் காட்டுகிறீர்கள். உளி மரத்தில் இறங்குகிற நேரம் பார்த்து விளம்பரம் போடுகிறீர்கள். திரும்பி வந்தால் வேலை முடிந்து, ஐயா அதை மேஜைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் என்ன செய்தார்? அளவைத் திரையில் எழுதிக் காட்டினால் போதும். அதுகூட இல்லை.

இன்னொன்று. ஐயா ஒருநாளும் தப்பாக அறுத்ததில்லை. நாங்கள் தப்பாக அறுத்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது? அதை ஒரு தடவை காட்டுங்கள். உங்களிடம் தேக்கு அடுக்கி வைத்திருக்கிறது. என்னிடம் கஜா புயலில் விழுந்த பலாவில் அறுத்த துண்டு ஒன்றே ஒன்று, ஆக்சா பிளேடு ஒன்று, ஒரு பழைய உளி. பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொள்வேன். கட்டையைக் காலால் மிதித்துக்கொள்வேன். கெட்டுப்போனால் வேறு மரம் கிடையாது.

தயவுசெய்து கட்டையின் அளவை மட்டும் எழுதி அனுப்புங்கள். நிகழ்ச்சியில் வர வேண்டாம். வந்தால் அப்பா பார்த்தாலும் பார்ப்பார்.

இளமதி

*

திருச்சி
7.10.2024

அன்புள்ள இளமதிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். ஆட்டுக் கொட்டகையை உள்ளேயிருந்து பூட்டுவது யாரம்மா, ஆடா?

ஆடுகளுக்கு அன்பு சொல்லச் சொன்ன என் புத்தியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆரோக்கியதாஸ் ஐயாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “கதவு எங்கிட்டுத் தொறக்கும்னு மட்டும் கேளுங்க. உள்ளார தொறந்தா நா சொல்ற மாதிரி பண்ணலாம்” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கட்டை மூன்று அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். கதவு நிலையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு கொக்கிக் கட்டை. அதில் மேலே திறந்த மாதிரி ஒரு வாய் வெட்ட வேண்டும். குறுக்குக் கட்டை மேலிருந்து அந்த வாய்க்குள் இறங்கி உட்காரும். பகலில் எடுத்துவிட்டால், பை மாட்டுகிற கொக்கி என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். முக்கியமாக ஐயா சொன்னது: மழைக்காலம் வருகிறது, பலா ஈரத்தில் ஊதும். அதனால் வாய்க்குள் கட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரு நூல் இடைவெளி விட வேண்டும்.

உறைக்குள் எட்டு ஸ்க்ரூ வைத்திருக்கிறேன். ஐயா கொடுத்தது. மூன்று அங்குலம், நிலையில் நன்றாகப் பிடிக்கும்.

இளமதி, கட்டை ஒரு ராத்திரிக்குத்தான் காவல். 1098 என்று ஒரு எண் இருக்கிறது. பிள்ளைகளுக்கானது, காசு கிடையாது, எந்த போனிலிருந்தும் பேசலாம். பேசுவாயா?

உன்,
அமராவதி அக்கா

*

13.10.2024, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்று நீங்களே எழுதியதால் எழுதுகிறேன்.

ஆடு இல்லை அக்கா. எங்களிடம் ஆடே கிடையாது. எங்களுடையது தொகுப்பு வீடு. ஒரு ஹால், உள்ளே ஒரு அறை. அந்த அறைக்குத்தான். அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மாவை அடிப்பார். நான் நடுவில் போனால் எனக்கும் விழும். உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொள்வோம். தாழ்ப்பாளை மூன்று தடவை உடைத்துவிட்டார். நாலாவது தடவை அம்மா வாங்கவில்லை. “புதுசாப் பாத்தா, என்னையவே வெளியில நிறுத்துறியான்னு அதுக்குத் தனியா அடி விழும்டி” என்றது. இப்போது கதவுக்கு அரிசி மூட்டையை அண்டக் கொடுக்கிறோம். மூட்டையில் அரிசி குறையக் குறைய எனக்குப் பயம் கூடுகிறது.

மறுநாள் கேட்டால் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும். ஆஸ்பத்திரியிலும் அதே, சொர்ணவல்லி அத்தையிடமும் அதே. அத்தை ரம்யாவின் அம்மா, அடுத்த வீடு. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் இரண்டு பேரும் பாத்ரூமைப் பற்றியே பேசிக்கொள்வார்கள். வழுக்காத டைல்ஸ் எங்கே கிடைக்கும் என்றுகூடப் பேசினார்கள்.

அப்பா எப்போதும் அப்படி இல்லை. லாரியில் இருக்கும்போது போன் பண்ணி, சாப்பிட்டியா என்று கேட்பார். பேனா ஸ்டாண்டைப் பார்த்து, “எம்மக செஞ்சதுய்யா” என்று கூட வந்தவரிடம் காட்டினார். பென்சில் பெட்டியை அடுப்பில் போட்டதும் அவர்தான்.

கட்டை முடிந்துவிட்டது அக்கா! ஐயா கேட்டாரே, கதவு உள்பக்கம்தான் திறக்கும். அப்பா போன நாளாகப் பார்த்து நாலு நாள் அறுத்தேன். ஆணியை அடுப்பில் காய்ச்சித் துளை போட்டேன். நீங்கள் அனுப்பிய ஸ்க்ரூ எட்டும் உள்ளே இறங்கிவிட்டன. கொக்கியில் என் ஸ்கூல் பை தொங்குகிறது. அம்மா கேட்டதற்கு, பை மாட்ட என்றேன். கட்டை விறகோடு விறகாகக் கிடக்கிறது.

இடைவெளியும் ஐயா சொன்ன மாதிரியே விட்டிருக்கிறேன். அத்தையிடம் வெள்ளைத் தையல் நூல் ஒரு முழம் வாங்கி, இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். ஒரு நூல்தான் நுழைகிறது. இரண்டாவது நூல் நுழையவில்லை. அவ்வளவு சரியாக வந்திருக்கிறது. ஐயாவிடம் சொல்லுங்கள்.

அந்த எண்ணுக்குப் பேச மாட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். நீங்களும் யாரிடமும் சொல்லக் கூடாது. யாராவது வந்து கேட்டால் அம்மா பாத்ரூம் என்றுதான் சொல்லும். வந்தவர்கள் போய்விடுவார்கள். அப்புறம் அப்பாவும் நாங்களும்தான் இருப்போம். சத்தியம் பண்ணுங்கள் அக்கா.

உங்கள்,
இளமதி

*

திருச்சி
17.10.2024
(ஸ்பீட் போஸ்ட்)

இளமதி,

இதைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கட்டையைச் செதுக்கு. நூல் என்பது தையல் நூல் இல்லை. ஆசாரிமார் அளவு அது. எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். உன் ஸ்கேலில் ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு, ஒரு நூல். இரண்டு பக்கமும் அவ்வளவு விட வேண்டும். ஐயாவிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “மழை விழுந்துச்சுன்னா கட்டை இறங்காது. இறங்குச்சுன்னா ஏறாது” என்கிறார். இங்கே இரண்டு நாளாக மழை. அங்கேயும் பெய்யும்.

தப்பு என்னுடையது. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். உனக்குப் புரியுமா என்று யோசிக்கவில்லை.

நீ கேட்ட சத்தியத்தை என்னால் பண்ண முடியவில்லை. நேற்றே 1098க்குப் பேசிவிட்டேன். உன்னுடைய பெயரையும் ஊரையும் கொடுத்தேன். என்மேல் கோபப்படு. பேசாமல்கூட இரு.

அமராவதி அக்கா

*

கறம்பக்குடி
27.10.2024, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஸ்பீட் போஸ்ட் திங்கட்கிழமைதான் வந்தது. அதற்கு முன்னால் சனிக்கிழமை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. அப்பா எட்டு மணிக்கு வந்தார். குழம்பில் உப்பு என்றார். அது ஒரு காரணம், அவ்வளவுதான். அம்மாவுக்கு நெற்றியில் பட்டது. நான் அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். மழை என்பதால் கட்டையை முன்கூட்டியே உள்ளே கொண்டுவந்து பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். விறகு நனைந்தபோது அதுவும் நனைந்திருந்தது. கொக்கியில் வைத்தால் இறங்கவில்லை. அக்கா, அந்த நேரம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அம்மா கதவில் முதுகைக் கொடுத்து நின்றது. அலமாரிக்கு அடியில் கிடந்த அம்மிக் குழவியை எடுத்துக் கட்டைமேல் போட்டேன். ஒரு பக்கம் இறங்கியது. இன்னொரு தடவை போட்டேன். மற்ற பக்கமும் இறங்கியது.

அதற்கப்புறம் அவர் எத்தனை உதை உதைத்தாலும் கதவு அசையவில்லை. எட்டு ஸ்க்ரூவும் நின்றன. ஐயாவிடம் சொல்லுங்கள். “என்னடி வச்சிருக்கீங்க உள்ள?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஹாலிலேயே படுத்துவிட்டார்.

விடியும்போது கட்டையை எடுக்கப் பார்த்தோம். ஏறவில்லை. குழவியால் கீழிருந்து தட்டினோம். அம்மாவும் நானும் சேர்ந்து தூக்கினோம். ஐயா சொன்னது அப்படியே நடந்தது.

அம்மா என் காதில், “பிளேடு வச்சிருந்தியே. ஆளுக எந்திரிக்கறதுக்குள்ள அறுத்துருடி” என்றது.

நான், “அது வெளியில விறகுல கெடக்கும்மா” என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. ரொம்ப நேரம். பிறகு ஜன்னலுக்குப் போய், “சொர்ணவல்லிக்கா” என்று கூப்பிட்டது. மெதுவாகத்தான் கூப்பிட்டது. இரண்டாவது தடவை சத்தமாக.

அத்தை வந்தார், பின்னாலேயே ரம்யாவின் அப்பா அருள்மணி மாமா, அப்புறம் தெருவே வந்துவிட்டது. அம்மாவின் நெற்றியைக் கம்பி வழியாகப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: “ஏண்டி செவந்தி, பாத்ரூமு அங்கிட்டு இருக்கு, நீ இங்கிட்டு உள்ளார இருக்க. அது எந்திரிச்சு வந்து அடிச்சுச்சா?”

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “பாத்ரூம் இல்லக்கா. இவுகதான். பதினாலு வருசமா இவுகதான்” என்றது. ஹாலில் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். “எம் பொண்டாட்டி என்னைய வெளியில வச்சுப் பூட்டிட்டாய்யா, கேளுங்க” என்றார். யாரும் கேட்கவில்லை. மாமா கடப்பாரையால் கீல் பக்கம் நெம்பிக் கதவைக் கழற்றினார். அப்போதும் கட்டை அசையவில்லை. குனிந்து அதன் அடியில் நுழைந்துதான் வெளியே வந்தோம்.

திங்கட்கிழமை இரண்டு அம்மாமார் பைலோடு வந்தார்கள். உங்களால் என்று தெரிந்தது. முதலில் உங்கள்மேல் வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் அம்மா அவர்களுக்கும் பாத்ரூமைத்தான் காட்டியிருக்கும். திங்கட்கிழமை, அடித்தவர் பெயர் கேட்டார்கள், அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னது. எழுதிக்கொடுக்கிறீர்களா என்றார்கள், எழுதிக்கொடுத்தது.

இப்போது கறம்பக்குடியில் என் தாய்மாமா வீட்டில் இருக்கிறோம். அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் லாரிக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு வருவேன் என்று ஆள் மூலம் சொல்லி விட்டிருக்கிறார். தீபாவளி வியாழக்கிழமை. இந்த வீட்டுக் கதவில் நல்ல இரும்புத் தாழ் இருக்கிறது. ஆனாலும் மூன்று தடவை எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அம்மாவும் தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை. பிளேடு விறகில் இல்லை. அந்த அறையிலேயே என் ஸ்கூல் பைக்குள், கணக்கு நோட்டுக்கு நடுவில் இருந்தது. கையை விட்டால் எடுத்திருக்கலாம். கால் மணி நேரத்தில் கட்டையை அறுத்திருப்பேன். அப்பா எழுந்திருப்பதற்கு முன்னால் அம்மா டீ போட்டிருக்கும்.

அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஐயாவிடம் எனக்காக ஒரு வேண்டுகோள் சொல்லுங்கள். செல்போன் ஸ்டாண்டுக்கு நடுவில் ஒரே ஒரு வாரம், இறுகிப்போன கட்டையை எப்படிக் கழற்றுவது என்று காட்டட்டும். ஒரு நூல் என்றால் எவ்வளவு என்பதைத் திரையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். சொன்னால் போதாது அக்கா. சத்தம் வைக்காமல் பார்க்கிற வீடுகள் இன்னும் இருக்கும்.

உங்கள்,
இளமதி