"இல்ல" என்று நான் சொன்ன சத்தம்

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீ போய் இருபத்தாறு நாளாக உன் கம்ப்யூட்டரை நான் அணைக்கவில்லை. மூடியைக்கூடச் சாத்தவில்லை. எங்கள் வீட்டு முன்னறை மேசையில், சார்ஜர் வயரோடு, வாயைத் திறந்தபடியே கிடக்கிறது. உள்ளே சின்னக் காற்றாடி ஒன்று இரைந்துகொண்டிருக்கிறது. சூடேறிய தூசி வாசனை வருகிறது. காலையில் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் அதன்மேல் கை வைத்துப் பார்க்கிறேன், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது மாதிரி.

"ஏங்க, ஆளு போய்ட்டாரு. இந்த மிஷினுக்கு எதுக்கு காவல் இருக்கீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"குளிருக்கு நல்லா இருக்கு புள்ள. கை காயுறேன்" என்றேன்.

வழக்கமாக அவள் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நானும்தான்.

நம் பழைய ஆம்ப் பெட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன். திருவிழா, கல்யாணம், சடங்கு வீடு, எங்கே கூப்பிட்டாலும் நீ கிட்டார் வாசிப்பாய், நான் பெட்டி தூக்குவேன். உன் கிட்டார் சத்தம் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஊருக்குக் கேட்கும். ரோட்டில் பஸ் இறக்கிவிட்ட பிறகு தேயிலைத் தோட்டத்து லயம் வீடுகள் வரைக்கும் படி ஏற வேண்டும். என் இடது தோள் மரத்துப்போய்விடும். ராகலை பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டிக்கும் டிக்கட் கேட்டபோது, "அப்ப அதுக்கு சீட்டு குடுங்க, நான் நின்னுக்கிறேன்" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினாய்.

பெட்டியின் ஸ்பீக்கர் ஒருமுறை கிழிந்தது. டயர் பஞ்சர் பசை போட்டு ஒட்டினாய். அன்று முதல் தடித்த தந்தியைத் தட்டினால் யாரோ தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு கரகரப்பு வந்தது. முதலில் உனக்குக் கோபம். பிறகு அது இல்லாமல் வாசிக்கவே மாட்டேன் என்றாய். பூண்டுலோயாக் கல்யாணத்தில் சாரல் உள்ளே இறங்கி, பெட்டி புகைந்து, அதோடு செத்தது. சபையார் மேடை அலங்காரம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் யாரோ பாவித்த இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். திறந்தால் திரையில் ஓர் ஆம்ப் பெட்டியின் படம். திருகுகிற குமிழ்கள், முன்பக்கத் துணி, எல்லாம் அச்சு அசலாக.

"பெட்டியே வேணாம்டா. கிட்டார இதுல சொருகினா பெட்டி மாதிரியே சத்தம் வரும். அதுக்குனே செஞ்ச மென்பொருள்."

"கைப்பிடி எதுக்குடா வரைஞ்சிருக்கான்? தூக்குறதுக்கு நான் உள்ள போகணுமா?"

இருமல் வரும்வரை சிரித்தாய். ஆனால் உனக்கு வேண்டியது ஏதோ ஒரு பெட்டியின் சத்தம் இல்லை. நம் பெட்டியின் சத்தம்.

"நான் வாசிக்கிறதுலயே இருந்துட்டேன் மச்சான். பெட்டிக்குப் பக்கத்துல காத வச்சிக்கிட்டு கெடந்தவன் நீதான். நீ சொல்லு, அதான் சரி."

அப்படித்தான் மூன்றாம் வகுப்பு படித்த நான் நீதவான் ஆனேன். உன் லயத்தில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் அழுகையில் ஒன்றும் சரியாகக் கேட்காது என்று, வேலை முடிந்த சாயந்தரங்களில் எங்கள் வீட்டுக்கு வருவாய். நீ குமிழ்களைத் திருகித் தந்தியைத் தட்டுவாய். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்வேன். "கொழுந்து லொறி செகண்ட் கியர்ல ஏறுது." "சளி புடிச்ச ஆடு." "தொரை தும்முறாரு." ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு எதையோ தட்டுவாய். பிறகு மறுபடி திருகுவாய்.

அந்தக் கடைசிச் சாயந்தரம் அது வந்தது. தடித்த தந்தி செருமியது. என் இடது தோள் தானாகவே கனத்தது. நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு ஹெட்போனைக் கழற்றி, "இல்ல" என்றேன். ஒரு நாள் உன்னை அலைய விட்டுவிட்டு மறுநாள் சொல்லலாம் என்றுதான். நக்கல் வார்த்தைகூட வாயில் வரவில்லை.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "இதுக்கு நீ பேரே சொல்லலியே" என்றாய். "சரி, இன்னக்கி போதும். மூடிறாத மச்சான். பேரு போட்டு வைக்காம மூடினா போயிரும். நாளைக்கி இதுலேர்ந்தே ஆரம்பிப்போம்."

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனாய். மறுநாள் உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதே இடது தோள். பெட்டியைவிட லேசாக இருந்தாய்.

யாரிடமாவது கேட்டுப் பெயர் போட்டு வைத்திருக்கலாம். கேட்டால், அவன் ஏன் அன்றைக்கே வைக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே சும்மா இருந்தேன். கரண்ட் போன இரண்டு தடவையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அது அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி தாங்கியது.

இன்றைக்கு உன் பெண்சாதி, என் தங்கச்சி மாதிரி இருக்கிறவள், சொல்லி அனுப்பினாள். டவுன் கடையில் டைப் அடிக்கிறவள், இனி வீட்டிலிருந்தும் வேலை எடுக்கப்போகிறாளாம். கம்ப்யூட்டர் வேண்டும். நான் அதைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உன் லயத்துப் படிகளில் ஏறினேன்.

பீலியில் தண்ணீர் பிடித்த பெண்கள், "என்னண்ணே, சாமி ஊர்வலமா?" என்றார்கள்.

"ஓரமா நில்லுங்க. கூட்டம் கூடினா சாமி மல ஏறிரும்" என்றேன். வாய் தன்பாட்டில் வேலை செய்கிறது, மச்சான்.

தங்கச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லா இருந்திச்சாண்ணே?"

"நல்லா இருந்திச்சு."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

பிறகு திரையைப் பார்த்தாள். "இது என்னண்ணே பேரெல்லாம்?" என்று வாசித்தாள். "கொழுந்து லொறி. சளி புடிச்ச ஆடு. தொரை தும்மல். தகர டப்பா." இங்கிலீஸ் எழுத்தில் இருந்ததால் இத்தனை நாளும் எனக்குத் தெரியவில்லை. நான் வேண்டாம் என்ற ஒவ்வொரு சத்தத்தையும் என் நக்கலையே பெயராகப் போட்டு வைத்திருக்கிறாய். அவள் கடைசிவரை வாசித்தாள். நிறைய இருந்தது.

"இதுக்கு என்ன பேரு போடட்டும்?"

"இதுதான்."

"இதுதான்னேவா?"

"அப்டியே போடும்மா."

தட்டினாள். ஆணியிலிருந்து உன் கிட்டாரை எடுத்து, வயரைச் சொருகி, தடித்த தந்தியை ஒரே ஒரு தடவை தட்டினாள். அறைக்குள் நம் பெட்டி செருமியது. கிட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டு, "டீ குடிங்கண்ணே" என்றாள். குடித்தேன். சீனி போட மறந்திருந்தாள். நான் சொல்லவில்லை.

உன் லயத்துப் படியில் எத்தனையோ வருசம் பெட்டியோடுதான் இறங்கியிருக்கிறேன். இடது தோளில் கனம் இருப்பதால் வலப்பக்கம் சாய்ந்தே இறங்குவேன். இன்றைக்கும் அப்படியே சாய்ந்து இறங்கினேன். தோளில் ஒன்றும் இல்லை. ஏழாவது படியில் வழுக்கி, வலப்பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் உட்கார்ந்தேன். ஒரு செருப்பைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மற்றதோடு வீட்டுக்கு வந்தேன்.